டர்பன் பக்கத்தில் ஜியோகேச் பெட்டி தேடுவதும் வைப்பதும் பேணுவதும்

ஒருவர் ஓரிடத்தில் சிறு பெட்டியை மறைத்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் பதிவு செய்கிறார். மற்றவர்கள் அந்த எண்களைக் கைபேசியில் இட்டு, நடந்து போய்த் தேடி, பெட்டியைக் கண்டெடுத்து, உள்ளே இருக்கும் ஏட்டில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே இருந்த விதமாகவே வைத்துவிட்டு வருகிறார்கள். ஜியோகேச்சிங் என்பது இவ்வளவுதான். இருக்கும் இடத்தைக் காட்டும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள் சமிக்ஞைகளில் வேண்டுமென்றே கலந்து வந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே மாதத் தொடக்கத்தில் நீக்கியது. நீக்கிய கையோடு, மே 3 அன்று, டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தில் ஒரு வாளியை மறைத்து வைத்து அதன் எண்களை இணையத்தில் அறிவித்தார். அந்த வாளிக்குள் ஓர் அவரை டின்னும் இருந்தது. இன்று உணவுப் பொருள் எதையும் பெட்டிக்குள் வைக்கக் கூடாது என்பது உலகெங்கும் உள்ள விதி; அதற்கான காரணத்தைக் கீழே என் அனுபவத்தோடு சொல்கிறேன்.

நான் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் பகுதியில் வசிக்கிறேன். சில்வர்க்ளென் இயற்கைக் காப்பகம் எங்கள் பக்கம்தான். கொஞ்சம் வண்டியோட்டினால் கிராண்ட்ஸ்க்ளூஃப் பள்ளத்தாக்கு. இன்னொரு பக்கம் கடற்கரை. நடப்பதற்கும் தேடுவதற்கும் இதைவிட நல்ல ஊர் அமைவது அரிது. இந்தப் பொழுதுபோக்கில் புதிதாகச் சேரும் நம் மக்கள் பெரும்பாலும் என்னிடம் கேட்பது, பெட்டியை எங்கே, எப்படி மறைப்பது என்பதைத்தான். வைத்த பெட்டியை ஆண்டுக்கணக்கில் எப்படிப் பேணுவது என்று கேட்டவர்கள் மிகச் சிலர். ஆனால் கெட்டுப்போன பெட்டிகளில் பத்துக்கு ஒன்பது, மறைத்த விதத்தால் அல்ல, கவனிப்பாரின்றியே கெட்டுப்போயின என்பது நான் கண்ணால் கண்டது. ஆகவே அந்தப் பகுதிக்கு இங்கே கூடுதல் இடம் தந்திருக்கிறேன்.

எண்களைப் படிப்பது

ஜியோகேச்சிங் இணையதளத்தில் ஓரிடம் தெற்கு 29° 54.300', கிழக்கு 30° 53.200' என்பது போலக் குறிக்கப்படும். முதலில் வருவது பாகை. அடுத்து வருவது கலை, அதாவது பாகையில் அறுபதில் ஒரு பங்கு. பஞ்சாங்கம் பார்க்கும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் பல வரைபடச் செயலிகள் பாகையைத் தசமமாகக் கேட்கும், அப்போது 54.300 கலையை 60-ஆல் வகுத்து 29.905 என்று இட வேண்டும். வகுக்காமல் 29.543 என்றும் 30.532 என்றும் இட்டுவிட்டால், சாட்ஸ்வர்த்தில் தேட வேண்டியவர் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தள்ளி, பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் போய் நிற்பார். தெற்கு அட்சரேகைக்குக் கழித்தல் குறி உண்டு என்பதை மறந்தால் நிலைமை இன்னும் மோசம்: அதே எண்கள் கெய்ரோவுக்குத் தென்மேற்கே எகிப்தியப் பாலைவனத்தைக் காட்டும். பெட்டி வைப்பவர் இந்தத் தவறைச் செய்தால் தேடுபவர் எல்லாருக்கும் அலைச்சல் என்பதால், எழுதிய எண்ணை ஒருமுறை வரைபடத்தில் இட்டுச் சரிபார்ப்பது கட்டாயம்.

கலையின் கடைசித் தசம இலக்கம் ஒன்று மாறினால் வடக்கு-தெற்காக 1.85 மீட்டரும், நம் அட்சரேகையில் கிழக்கு-மேற்காக சுமார் 1.6 மீட்டரும் நகரும். கைபேசியின் துல்லியமோ திறந்த வெளியில் 5 மீட்டர் அளவுதான். அடர்ந்த மரங்களுக்கு அடியிலும் பாறைச் சுவருக்கு அருகிலும் அது இன்னும் குறையும். எனவே திரையில் உள்ள புள்ளி, பெட்டி இருக்கும் வட்டத்தைக் காட்டுகிறதே ஒழியப் பெட்டியைக் காட்டுவதில்லை.

திசைகாட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. டர்பனில் காந்த ஊசி உண்மையான வடக்கிலிருந்து 20 பாகைக்கும் மேலாக மேற்கே விலகி நிற்கிறது. தமிழ்நாட்டில் இந்த விலகல் ஓரிரு பாகைதான் என்பதால், அங்கே பழகிவிட்டு இங்கே வந்தவர்கள் இதைப் பொருட்படுத்துவதில்லை. 100 மீட்டர் நடந்தால் 35 மீட்டர் அளவுக்கு விலகிப் போய்விடுவோம். கைபேசியின் திசைகாட்டியில் உண்மை வடக்கு என்ற அமைப்பைத் தெரிவு செய்துகொள்ளுங்கள். நடுப்பகல் சூரியன் இங்கே எப்போதும் வடக்கில்தான் நிற்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். பின்னால் பெட்டிக்கு நிழல் பார்க்கும்போது இது உதவும்.

தேடுவது

குறைந்தது இருபது பெட்டிகளாவது தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் முதல் பெட்டியை வைக்க வேண்டும் என்று பழகியவர்கள் சொல்வார்கள். அது நல்ல அறிவுரை. ஒவ்வொரு பெட்டிக்கும் தேடும் கடினம், நிலத்தின் கடினம் என்று இரண்டு மதிப்பெண்கள், 1 முதல் 5 வரை அரை அரையாகத் தரப்பட்டிருக்கும். நிலத்துக்கு 1 என்றால் சக்கர நாற்காலியில் வருபவரும் எட்டிவிடலாம். 5 என்றால் கயிறோ படகோ போன்ற தனிச் சாதனம் வேண்டும். தொடக்கத்தில் இரண்டிலும் 2-க்கு மேல் போகாத, ஒரு லிட்டர் அளவுள்ள பெட்டிகளையே தேர்ந்தெடுங்கள். 100 மில்லிலிட்டருக்குக் குறைந்த மைக்ரோ வகை, அதிலும் விரல்நுனி அளவுள்ள நேனோ வகை, புதியவரைச் சோர்வடையச் செய்துவிடும்.

பெட்டிக்குப் பத்து மீட்டர் தொலைவுக்கு வந்ததும் கைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டுக் கண்ணால் தேடுங்கள். இயற்கை தானாகச் செய்யாத ஒன்றைத்தான் கண் தேட வேண்டும்: ஒரே நீளத்தில் வரிசையாகக் கிடக்கும் சுள்ளிகள், ஈரமான பக்கம் மேலே தெரியும்படி புரண்டு கிடக்கும் கல், வேர்ப்பொந்தை அடைத்து நிற்கும் மரப்பட்டைத் துண்டு. இதை மறைத்தவர் இங்கே எங்கே குனிந்திருப்பார் என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் விடை கிடைக்கும்.

பொந்துக்குள் வெறுங்கையை விடக் கூடாது. நம் பகுதியில் கரு மாம்பாவும், நஞ்சு உமிழும் நாகமும் வீட்டுத் தோட்டங்களிலேயே காணப்படுபவை; அசையாமல் படுத்திருக்கும் பஃப் ஆடர் என்ற விரியன் பாம்பும் உண்டு. நீண்ட கம்பால் முதலில் தட்டி, சற்று நேரம் நின்று, கைவிளக்கின் ஒளியில் உள்ளே பார்த்த பிறகே, அதுவும் கையுறையோடு, தொட வேண்டும். புல்வெளியில் நடந்துவிட்டு வந்தால் அன்றைக்கே உடலில் உண்ணி இருக்கிறதா என்று, முழங்காலின் பின்புறம், இடுப்பு, அக்குள் என எங்கும் பாருங்கள். உண்ணி கடித்த இடத்தில் கறுத்த பொருக்கு உண்டாகி, ஒரு வார அளவில் காய்ச்சலும் தலைவலியும் வந்தால், உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம் என்று மருத்துவரிடம் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

மனிதரைப் பற்றிய எச்சரிக்கையும் வேண்டும். ஒதுக்குப்புறமான இடத்துக்குத் தனியே போக வேண்டாம். எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டு, இரண்டு மூன்று பேராகப் போங்கள். முன்பு தேடி வந்தவர்கள் தளத்தில் இட்ட பதிவுகளைப் படித்தால் அந்த இடம் எப்படிப்பட்டது என்று ஓரளவு விளங்கும். அதேபோல் நாம் பிறருக்கு அச்சம் தராமலும் இருக்க வேண்டும். வேலியோரத்தில் குனிந்து துழாவும் ஒருவரைப் பார்த்தால் அக்கம்பக்கத்தார் ஐயப்படுவது இயல்பு. ஒருமுறை ஒரு தாத்தா வாசலிலிருந்து இறங்கி வந்து, "என்ன தம்பி தேடுறே, ஏதாவது தொலைச்சிட்டியா?" என்று கேட்டார். நான் உள்ளதை உள்ளபடியே சொன்னேன். அவரும் கூட நின்று தேடினார். உண்மையைச் சொல்வதுதான் எப்போதும் எளிது.

ஏட்டில் பென்சிலால் எழுதுங்கள். உள்ளே இருக்கும் சிறு பொருள்களில் ஒன்றை எடுத்தால், அதற்கு ஈடான அல்லது அதைவிட நல்ல ஒன்றை வையுங்கள். எண் பொறித்த தகடு தொங்கும் பயணப் பொருள்கள் பரிசு அல்ல; அவற்றை எடுத்தால் வேறொரு பெட்டிக்குக் கொண்டு சேர்த்து, தளத்தில் பதிய வேண்டும். தேடிக் கிடைக்கவில்லை என்றால் அதையும் வெட்கப்படாமல் பதியுங்கள். பெட்டி காணாமல் போனதை அதன் உரிமையாளர் அறிவது பெரும்பாலும் அந்தப் பதிவால்தான்.

வைப்பது

என்னுடைய முதல் பெட்டி, மூடி இறுக்கமாக இருந்த ஓர் ஊறுகாய் டப்பா. மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவியிருந்தேன். இரண்டாம் வாரம் போய்ப் பார்த்தபோது மூடி பத்தடி தள்ளிக் கிடந்தது; ஓரங்களில் வெர்வெட் குரங்கின் பல் பதிந்த தடம்; ஏட்டின் தாள்கள் கிழிந்து புதரெங்கும் பரவியிருந்தன; டப்பாவின் அடியில் எறும்பு சாரி சாரியாகப் போய்க்கொண்டிருந்தது. நம் மூக்குக்குத் தெரியாத வாசனை விலங்குக்குத் தெரியும். உணவு இருந்த டப்பா, இனிப்புகள், வாசனை மெழுகுவத்தி, சோப்பு எதுவும் வேண்டாம் என்பதற்கு இதுதான் காரணம்.

பெட்டியின் நான்கு பக்கமும் கவ்விப் பிடிக்கும் மூடியும், அந்த மூடிக்குள் சிலிக்கோன் வளையமும் இருக்க வேண்டும். இரும்புத் தோட்டாப் பெட்டி வெளிநாடுகளில் பெயர்பெற்றது. ஆனால் இங்கே உலோகம் கண்ணில் பட்டால் பழைய இரும்புக்குப் போய்விடும் என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. வாங்கிய பெட்டிக்குள் காய்ந்த தாளை வைத்து மூடி, ஒரு கல்லோடு சேர்த்து வாளித் தண்ணீரில் இரவு முழுதும் அமிழ்த்தி வையுங்கள். காலையில் தாள் காய்ந்திருந்தால் மட்டுமே அதை வெளியே கொண்டுபோகலாம். ஏட்டைத் தனியாக ஒரு ஜிப் பையில் இட்டு, கூடவே இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் ஒரு பென்சிலும் போடுங்கள். பேனா வேண்டாம், நம் ஊர் ஈரப்பதத்தில் மை பரவும், வெயிலில் காயும். உப்புக் குடுவையில் போடுவது போல அரிசி போட்டு வைக்கிறார்கள் சிலர். அது பூசணம் பிடிக்கும், எலியையும் அழைக்கும். பெட்டியின் மேலே ஜியோகேச் என்று தெளிவாக எழுதி, உள்ளே, தற்செயலாகக் கண்டெடுப்பவருக்கு இது என்ன என்று விளக்கும் சீட்டொன்றை ஆங்கிலத்திலும் ஜூலுவிலும் வையுங்கள். நான் தமிழிலும் ஒரு சீட்டு வைக்கிறேன்.

இடம் பார்ப்பதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். ஒரு பெட்டிக்கும் இன்னொரு பெட்டிக்கும் இடையே குறைந்தது 161 மீட்டர் இருக்க வேண்டும் என்பது விதி. வரைபடத்தில் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது. மரத்தில் ஆணி அடிக்கக் கூடாது. பள்ளிக்கூடம், காவல் நிலையம், மின்நிலையம், தண்டவாளம் ஆகியவற்றின் அருகே வேண்டவே வேண்டாம். நிலத்துக்கு உரியவரிடம் அனுமதி பெற வேண்டும்: சில்வர்க்ளென் என்றால் டர்பனின் ஈதெக்வினி மாநகராட்சி, கிராண்ட்ஸ்க்ளூஃப் என்றால் எஸெம்வேலோ வனவிலங்கு அமைப்பு. எழுத்து மூலம் கேட்டு, பதிலையும் எழுத்து மூலம் வாங்கி, தளத்துக்கு அனுப்பும்போது அதைக் குறிப்பிடுங்கள். வெளியிடுவதற்கு முன் தன்னார்வ மதிப்பாய்வாளர் ஒருவர் ஒவ்வொரு பெட்டியின் விவரத்தையும் படித்துப் பார்ப்பார்.

கரும்புத் தோட்ட ஓரம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது தனியார் நிலம். அறுவடைக்கு முன் தீ வைப்பதும் உண்டு. பிளாஸ்டிக் டப்பா என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. உண்ணிச்செடிப் புதர் நல்ல மறைவிடம் போலத் தோன்றும். இந்த நாட்டில் அது அகற்றப்பட வேண்டிய அயல் செடி என்பதால், ஒருநாள் வெட்டும் ஆள்கள் வந்து புதரோடு பெட்டியையும் வாரிப் போவார்கள். வடக்கு பார்த்த பாறையில் வைத்தால் பகல் முழுதும் வெயில் பட்டு மூடி வெளிறி உடையும். தெற்குப் பக்க நிழல் நல்லது.

கோயில்களைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். 1860 நவம்பர் 16 அன்று ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிய ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பன் துறைக்கு வந்து சேர்ந்தது முதல், நம் முன்னோர் இந்த மண்ணில் பாடுபட்ட கதையைச் சொல்லும் இடங்கள் ஏராளம். அவற்றுக்குத் தேடுபவர்களை அழைத்துவர வேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு. ஆனால் கோயில் மதிலிடுக்கில் பெட்டி வைப்பது முறையாகாது. வழிபட வருபவர்களுக்கு இடையூறு. தவிரவும், 60 ஆண்டுகளுக்கு மேற்பட்ட கட்டடங்களை அனுமதியின்றி மாற்றக் கூடாது என்று 1999-ஆம் ஆண்டின் தேசிய மரபுச் சட்டம் சொல்வதால், பழைய சுவரில் ஒரு சிறு துளை போடுவதும் குற்றமே. இதற்குப் பல கட்டப் பெட்டி என்ற வகை உதவும். பொதுவழியில் நின்று படிக்கக்கூடிய கல்வெட்டில் உள்ள ஆண்டின் இலக்கங்களைக் கொண்டு அடுத்த இடத்தின் எண்களைக் கணக்கிடச் செய்து, பெட்டியை அரைக் கிலோமீட்டர் தள்ளி ஒரு பூங்காவில் வைக்கலாம். விவரத்தில் வரலாற்றை மட்டும் எழுதுங்கள்; சமயப் பிரசாரமாகவோ விளம்பரமாகவோ இருந்தால் தளத்தில் ஏற்கமாட்டார்கள்.

இடத்தை முடிவு செய்ததும், கைபேசியை அங்கே சில நிமிடம் அசையாமல் வைத்து எண்ணைக் குறித்துக்கொண்டு, ஐம்பதடி விலகிப் போய் வேறு திசையிலிருந்து திரும்பி வந்து மீண்டும் குறியுங்கள். இப்படி நான்கைந்து முறை, முடிந்தால் வேறொரு நாளிலும் எடுத்து, சராசரியைத் தாருங்கள்.

பேணுவது

வீட்டிலிருந்து ஒரு வாரத்துக்குள் போய்ப் பார்க்க முடியாத இடத்தில் பெட்டி வைக்காதீர்கள். விடுமுறைக்கு டிராகன்ஸ்பர்க் மலைக்குப் போனபோது வைத்துவிட்டு வந்த பெட்டியை யார் போய்ப் பார்ப்பது? தளத்தின் விதியும் இதையே சொல்கிறது. நான் நாள்தோறும் நடக்கும் பாதையை ஒட்டியே என் பெட்டிகளை வைத்திருக்கிறேன். அதனால்தான் அவை நிலைத்திருக்கின்றன என்று நம்புகிறேன்.

மழைக்காலம் தொடங்குமுன் செப்டம்பரில் ஒருமுறை, அது ஓய்ந்தபின் ஏப்ரல் மாதத்தில் ஒருமுறை எல்லாப் பெட்டிகளையும் சுற்றி வருகிறேன். பெருமழை பெய்தால் இடையிலும் போவேன். 2022 ஏப்ரலில் எங்கள் மாகாணமான குவாசூலு-நட்டாலில் 400-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன வெள்ளத்தில், ஓடைக்கரையில் நான் வைத்திருந்த பெட்டியும் போனது. அந்தத் துயரத்தின் முன் ஒரு டப்பா பொருட்டே அல்ல. ஆயினும் வெள்ளம் ஏறக்கூடிய கரையில் வைத்தது என் தவறு; கடலில் சேர்ந்த பிளாஸ்டிக்கில் என் பங்கும் சேர்ந்தது. அதன்பின் ஓடையின் பழைய வெள்ளக் கோட்டுக்கு மேலே தவிர எங்கும் வைப்பதில்லை.

சுற்றுக்குப் போகும்போது ஒரு சிறு பை எடுத்துச் செல்லுங்கள்: மாற்று ஏடு, ஜிப் பைகள், சிலிக்கா ஜெல், சீவிய பென்சில், பழைய துணி, ஒரு மாற்று மூடி, குப்பைக்கு ஒரு பை. பெட்டியைத் திறந்ததும் முதலில் முகர்ந்து பாருங்கள். ஊறிய தாளின் புளித்த வாடை வந்தால் எங்கோ நீர் கசிகிறது. வளையத்தில் ஒரு மணல் துகளோ ஒரு புல் நுனியோ சிக்கியிருந்தாலே போதும், ஒரே மழையில் உள்ளே இருப்பதெல்லாம் கூழாகிவிடும். வளையத்தைக் கழற்றி, அது பதியும் பள்ளத்தைத் துணி முனையால் துடைத்து, மீண்டும் பதித்து மூடிப் பார்த்தால் பல பெட்டிகள் சரியாகிவிடும். துருப்பிடித்த ஊக்கு, உடைந்த பொம்மை, காலாவதியான கூப்பன் போன்றவற்றை எடுத்துவிட்டு, குழந்தைகள் விரும்பும் இரண்டு மூன்று பொருள்களை வையுங்கள். சுற்றி யாரோ எறிந்த குப்பையையும் பொறுக்கிக்கொண்டு திரும்புங்கள்.

தொடர்ந்து இரண்டு பேர் கிடைக்கவில்லை என்று பதிந்தால் அந்த வாரமே போய்ப் பாருங்கள். உடனே போக முடியாவிட்டால் தளத்தில் பெட்டியைத் தற்காலிகமாக முடக்கி, காரணத்தை எழுதிவையுங்கள். மாதக்கணக்கில் அப்படியே விட்டால் மதிப்பாய்வாளர் அதை நிரந்தரமாக மூடிவிடுவார். சரிசெய்ததும் பராமரிப்புப் பதிவு எழுத மறக்காதீர்கள். பெட்டி ஓரடி நகர்ந்திருந்தால் பழைய இடத்துக்கே கொண்டுவந்து வையுங்கள். நாளடைவில் ஒவ்வொருவரும் ஒரு சாண் தள்ளி வைப்பதால் மூன்று ஆண்டில் மரத்தின் மறுபக்கம் போய்விட்ட பெட்டியை நான் பார்த்திருக்கிறேன்.

ஏடு நிரம்பினால் புதியதை வைத்துவிட்டுப் பழையதை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். ஈரமாக இருந்தால் பக்கங்களுக்கு இடையே செய்தித்தாள் வைத்து, மேலே கனமான பொருளை ஏற்றி, நிழலில் காயவிடுங்கள். என்னிடம் உள்ள ஏடு ஒன்றில், ஜெர்மன், ஆஃப்ரிகான்ஸ், ஆங்கிலப் பெயர்களுக்கு நடுவே, நடுங்கும் கையால் பெரிய பெரிய எழுத்தாக "நானும் பேரனோடு வந்தேன்" என்று தமிழில் ஒரு வரி இருக்கிறது. எழுதிய ஆயா யாரென்று தெரியாது. தமிழ் எழுதத் தெரிந்த முதியவர்கள் குறைந்துவரும் இந்த ஊரில் அந்த வரியைக் கண்ட அன்று நெடுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேறு ஊருக்குக் குடிபோக நேர்ந்தால் பெட்டியை இன்னொருவர் பெயருக்கு மாற்றித் தரும் வசதி தளத்தில் உண்டு. ஏற்பவர் கிடைக்கவில்லை என்றால், கடைசியாக ஒருமுறை போய்ப் பெட்டியை எடுத்து, அது கிடந்த பள்ளத்தில் இலைச்சருகைத் தள்ளி மூடி, மறைப்புக்கு வைத்த கற்களை முன்பு இருந்த இடத்தில் போட்டுவிட்டு, தளத்தில் மூடியதாகப் பதியுங்கள்.